ஒரு கைத்தடியின் விலை

எர்லாங்கனுக்கு வந்து சேரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே வாங்கும் பொருள் சைக்கிள். டீட்மார் ஹால்வேக் 1972 முதல் 1996 வரை மேயராக இருந்தபோது இந்த ஊரைச் சைக்கிளுக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தார். அதன் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். பல்கலைக்கழகம், அலுவலகம், கடை, ஞாயிறு ஆராதனை எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். அதனால் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோய் இந்த ஊரில் ஒருவரைப் பிடித்தால், அவர் முதலில் இழப்பது பெரும்பாலும் வேலையை அல்ல, சைக்கிளை. கால் பெடலிலிருந்து வழுக்குகிறது. சிக்னலில் நின்று மறுபடி ஏறும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறது. பிறகு பஸ், பிறகு கைத்தடி. இந்த மாதம் இந்த இறக்கத்துக்கு ஒரு குடும்பம் என்ன விலை கொடுக்கிறது என்று பேசுவோம்.

வாலிபர் பத்திரிகையில் இது எதற்கு என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். இது வாலிபரின் நோய் என்பதுதான் பதில். பெரும்பாலோருக்கு இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஜெர்மனியில் 2,80,000 பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அதாவது லட்சத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். மங்களூரில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில்தான் கண்டார்கள். நமது ஊர்களில் அரிதான நோய் என்பதால் ஊரிலிருக்கும் உறவினருக்கு விளக்குவதே தனி வேலை. "ஸ்ட்ரோக்கா?" என்பார்கள். "வாதம்தானே, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்பார்கள். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. இங்கே எல்லாரும் எம்.எஸ். என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

நரம்புக்கு மேலே மின்கம்பிக்கு ரப்பர் உறை போல ஓர் உறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையைத் தின்றுவிடுகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே தழும்பு விழுகிறது. பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ 1868இல் இதைத் தனி நோயாக விவரித்தார். எந்த இடத்தில் தழும்பு விழுகிறதோ அதைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் மரத்துப்போகும், ஒருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. நூற்றில் எண்பத்தைந்து பேருக்கு முதலில் விட்டுவிட்டு வரும். வரும், சில வாரத்தில் தணியும், திரும்ப வரும். பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அது தணியாமலே மெதுவாக மோசமாகத் தொடங்கும். சிலருக்கு ஆரம்பமே அப்படித்தான். பணமும் மனமும் உண்மையில் கரைவது இந்த இரண்டாம் கட்டத்தில்.

இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. எர்வின் ரைனிகர் 1877இல் இங்கே பல்கலைக்கழகத்துக்கு அருகில் தொடங்கிய சிறு பட்டறைதான் வளர்ந்து இன்றைய சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் ஆனது. அந்த நிறுவனத்தின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி 1983இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வைக்கப்பட்டது. எம்.எஸ். என்று உறுதியாகச் சொல்ல உதவுவது முக்கியமாக எம்.ஆர்.ஐ. படம்தான். நம்மில் சிலர் அந்தக் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். சிலர் ஷ்வாபாக்அன்லாகே தெருவிலுள்ள நரம்பியல் மருத்துவமனையில் அதற்குள் படுத்து வந்திருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளிகள் எத்தனை என்று படம் காட்டும். காலை பத்து மணிக்கே ஏன் கை தூக்க முடியாத சோர்வு வருகிறது என்று அது காட்டாது.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்க மருத்துவர்கள் ஓர் ஏணி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் இன்றைய வடிவத்தில் வகுத்தது. பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆறு என்றால் நூறு மீட்டர் நடக்க ஒரு கைத்தடி வேண்டும். ஏழு என்றால் சக்கர நாற்காலி. ஜெர்மனியில் 5,475 நோயாளிகளிடம் விசாரித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஏணியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டது. மூன்றாம் படி வரை சுமார் 28,200 யூரோ. நான்கு முதல் ஆறரை வரை சுமார் 44,000. அதற்கு மேல் சுமார் 62,700. மருந்து, மருத்துவமனை, இழந்த சம்பளம், வீட்டார் செய்யும் பணிவிடை எல்லாவற்றையும் சேர்த்த தொகை இது.

மொத்தத்தைவிட அதன் உட்பிரிவைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஆரம்பப் படிகளில் செலவில் பெரும்பகுதி மருந்து. அதை கிராங்கன்காஸ, அதாவது மருத்துவக் காப்பீட்டு நிதி, கொடுத்துவிடுகிறது. ஒரு பெட்டி மருந்துக்கு நாம் கட்டுவது அதிகபட்சம் 10 யூரோ. மேல் படிகளில் மருந்தின் பங்கு குறைந்து, இழந்த வேலையும் வீட்டாரின் உழைப்பும் பெருகுகின்றன. நோய் முற்ற முற்ற பில் காப்பீட்டு நிதியின் மேசையிலிருந்து நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறுகிறது. ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அதே ஆய்வில், ஓய்வு வயதை எட்டாதவர்களில் வேலையில் இருந்தவர்கள் சுமார் பாதிப் பேர்தான். அந்தப் பாதியிலும் ஐந்தில் நான்கு பேர் நோய் தங்கள் வேலைத்திறனைக் குறைக்கிறது என்றார்கள்.

சம்பளம் எப்படிக் கரைகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 4,000 யூரோ, கைக்கு வருவது 2,600 என்று வைத்துக்கொள்வோம். நோய் வந்து படுத்தால் முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் கொடுப்பார். பிறகு காப்பீட்டு நிதி கிராங்கன்கெல்ட் என்ற நோய்க்காலப் பணம் தரும். மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு அல்லது கைக்கு வரும் தொகையில் 90 விழுக்காடு, இதில் எது குறைவோ அது. நம் கணக்கில் 2,340. அதிலும் ஓய்வூதியம் முதலிய பிடித்தங்கள் போக 2,050 அளவில் மிஞ்சும். மாதம் 550 யூரோ துண்டு விழுகிறது, வாடகையோ அப்படியே நிற்கிறது.

இந்தப் பணமும் நிரந்தரம் அல்ல. ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுக்குள் 78 வாரம்தான். அந்த முதல் ஆறு வாரமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். எம்.எஸ்.காரர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். இந்த வசந்தத்தில் ஐந்து வாரம், அடுத்த மழைக்காலத்தில் எட்டு வாரம் என்று படுக்கும் ஒவ்வொரு தடவையும் அதே நோய் என்பதால் வாரங்கள் கூடிக்கொண்டே போகும். இடையில் காப்பீட்டு நிதியிடமிருந்து ஒரு கடிதம் வரும்: பத்து வாரத்துக்குள் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்காவிட்டால் பணம் நின்றுவிடும். விண்ணப்பித்தாலோ, சிகிச்சையால் பயனில்லை என்று தெரிந்தால் அதே விண்ணப்பம் ஓய்வூதிய விண்ணப்பமாக மாறிவிடலாம். இந்தக் கடிதத்தைச் சாதாரண அறிவிப்பு என்று நினைத்து அலமாரியில் வைத்துவிடக் கூடாது. பதில் போடுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும்.

கடைசியில் வருவது உழைப்புத்திறன் குறைந்தவர்களுக்கான ஓய்வூதியம். நாளுக்கு மூன்று மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது என்றால் முழுத்தொகை, மூன்றுக்கு மேல் ஆறுக்குக் கீழ் என்றால் பாதி. வழக்கமாக மூன்று ஆண்டு வரை என்று காலவரம்பு போட்டே தருவார்கள், பிறகு மறுபடி விண்ணப்பம். நோய் வராமல் அறுபத்தாறு வயதைத் தாண்டும்வரை வேலை செய்திருந்தால் என்ன கிடைக்குமோ அந்த வகையில் கணக்கிடுகிறார்கள் என்பது நல்ல செய்தி. அந்தக் கணக்கு இதுவரை வாங்கிய சராசரிச் சம்பளத்தை வைத்தே போடப்படுகிறது, அதிலும் 10.8 விழுக்காடு வரை வெட்டு உண்டு. குறைந்த சம்பளம் வாங்கியவருக்குக் குறைந்த ஓய்வூதியம் என்றே அர்த்தம்.

இந்த ஓய்வூதியத்துக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக் காப்பீட்டுக் காலம் வேண்டும், அதோடு கடைசி ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்து மூன்றே ஆண்டான மென்பொருள்காரருக்கு நோய் வந்தால்? இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1 மே 2017 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இந்தியாவில் பி.எஃப். கட்டிய காலத்தையும் ஐந்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். எனவே பழைய பி.எஃப். காகிதங்களைத் தூக்கி எறிய வேண்டாம். இலங்கையோடு ஜெர்மனிக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. படிப்பு முடித்த ஆறு ஆண்டுக்குள் முற்றிலும் உழைக்க முடியாமல் போனால், கடைசி இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு சந்தா கட்டியிருந்தாலே போதும்.

நம் அம்மாக்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மினிஜாப் என்ற சிறு வேலையில் சேரும்போது ஒரு படிவம் நீட்டுவார்கள். ஓய்வூதியச் சந்தா வேண்டாம் என்று அதில் கையெழுத்துப் போட்டால் மாதம் இருபது யூரோ சொச்சம் மிச்சம். நம்மவர்களில் பலர் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள். அந்த இருபது யூரோவோடு உழைப்புத்திறன் ஓய்வூதியத்துக்கான உரிமையும் போகிறது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கணவனின் காப்பீட்டில் மட்டும் இருக்கும் பெண்ணுக்கு எம்.எஸ். வந்தால் நோய்க்காலப் பணமும் கிடையாது. அவள் செய்த வேலைக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, ஆகவே இழந்த சம்பளம் என்று கணக்கிலும் எதுவும் ஏறாது. அவள் செய்துவந்த சமையலையும் துவைப்பதையும் இனி யார் செய்வது என்ற கேள்வி மட்டும் நிற்கும்.

நீல அட்டையோடு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அனுமதி வேலையோடும் சம்பள அளவோடும் கட்டப்பட்டது. வேலை போனால் வருமானத்தோடு சேர்த்துக் குடியிருப்பு உரிமையும் கேள்விக்குள்ளாகும். ஜெர்மன் பி1 தேர்வில் தேறியவர்களுக்கு 21 மாதத்திலேயே நிரந்தரக் குடியிருப்புக்கு வழி உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போதே அதை வாங்கிவைப்பது நல்லது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஜெர்மன் வகுப்பைத் தள்ளிப்போடும் அண்ணன்மார் கவனிக்க.

இன்னொன்று, தொழில் செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் தனியார் காப்பீடு. தன் தொழிலில் பாதியளவுக்குமேல் ஆறு மாதம் செய்ய முடியாமல் போனால் அது கொடுக்கும். எம்.எஸ். என்று எழுதப்பட்ட பிறகு இதை வாங்குவது ஏறக்குறைய முடியாத காரியம். விரல் மரத்துப்போகிறது என்று மருத்துவரிடம் ஒருமுறை சொல்லியிருந்தாலே விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும். மறைத்தால் பிறகு பணம் தர மறுப்பார்கள். ஆகவே இது இருபதில் எடுக்க வேண்டிய முடிவு. காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் காருக்குக் காப்பீடு எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

வேலையில் இருப்பவர் நோயை முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறவரை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஊனத்தின் அளவு ஐம்பது என்று அட்டை பெற்றவருக்கு ஆண்டுக்கு ஐந்து நாள் கூடுதல் விடுப்பும், வேலைநீக்கத்துக்கு எதிராகத் தனிப் பாதுகாப்பும் உண்டு. அரசு அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் முதலாளி நீக்க முடியாது. முப்பது அளவு பெற்றவரும் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். எங்கள் அபிப்பிராயம், முதலில் அட்டை, பிறகு பேச்சு.

மாலு டிரையர் பெயரைச் சிலர் உதாரணமாகச் சொல்வார்கள். 1990களின் நடுவில் எம்.எஸ். என்று அறிந்தவர், 2006இல் வெளியே சொன்னார். 2013 முதல் 2024 வரை ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார், தூரமான இடங்களுக்குச் சக்கர நாற்காலியில் போனார். அவரைப் பார்த்துத் தைரியம் கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அவரைக் காட்டி நம் வீட்டு நோயாளியை, "அவர் ஒரு மாநிலத்தையே ஆண்டார், உன்னால் ஒரு ஆபீஸ் போக முடியாதா?" என்று கேட்பது கொடுமை. ஒருவருக்கு வரும் எம்.எஸ். இன்னொருவருக்கு வருவதில்லை. தவிர அவருக்குக் கார் ஓட்டவும் கோப்புத் தூக்கவும் ஆள் இருந்தது. கிட்டங்கியில் எட்டு மணி நேரம் நின்று பெட்டி அடுக்குகிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

பணத்தில் சொல்ல முடியாத செலவுகளுக்கு வருவோம். எம்.எஸ். சோர்வு தூங்கி எழுந்தால் போகும் களைப்பு அல்ல. வெளியே தெரியாது என்பதால் சோம்பல் என்று பெயர் வாங்கித் தரும். வெயில் ஏறினால் எல்லா அறிகுறியும் ஏறும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890இல் கவனித்த விஷயம் இது. புதிதாகச் சேதம் எதுவும் நடப்பதில்லை, உடல் குளிர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் மே மாதக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவருக்கு அந்த விளக்கம் கல்யாண மண்டபத்தில் உதவாது. ஊருக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். தாயார் அடக்கத்துக்குப் போக முடியாதவர்களும் உண்டு. இதை எந்த ஆய்வு யூரோவில் எழுதும்?

வரன் பார்க்கும் வீட்டில் நோயை மறைக்கும் வழக்கத்தைப் பற்றி எங்களுக்குக் கடுமையான கருத்து உண்டு. மறைக்கக் கூடாது. ஆனால் சொன்னவுடன் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கும்வரை மறைப்பவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. எம்.எஸ். தொற்றுநோய் அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சற்றே கூடும், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. சரியான மருந்துத் திட்டத்தோடு பெண்கள் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள்.

சபையிலும் ஒரு செலவு இருக்கிறது. ஜெபத்துக்குப் பிறகு கைத்தடியை விட்டுவிட்டு நடக்கச் சொல்லி வற்புறுத்துவது, நடக்க முடியாதபோது விசுவாசத்தைக் கேள்வி கேட்பது, மருந்தை நிறுத்தினால்தான் சாட்சி என்பது. எம்.எஸ். ஒருமுறை தாக்கினால் பெரும்பாலும் அதுவே சில வாரத்தில் தணியும் என்று முதலிலேயே சொன்னோம். அந்தத் தணிவைச் சுகம் என்று எண்ணி மருந்தை நிறுத்தியவருக்கு அடுத்த தாக்குதல் நிரந்தரச் சேதத்தை விட்டுப்போகலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று தடுக்கிறது என்று சொல்கிறவர்களிடம் இளையோர் மரியாதையாக மறுத்துப் பேச வேண்டும். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நாலு பேர் கூரையைப் பிரித்தார்களே, அந்த வீட்டுக்காரருக்குக் கூரைக்கூலி யார் கொடுத்திருப்பார் என்று எங்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இங்கே வீட்டை மாற்றியமைக்கப் பராமரிப்புக் காப்பீடு 4,180 யூரோ வரை தருகிறது. குளியலறைக் கைப்பிடிக்கும் வாசற்படிச் சாய்தளத்துக்கும் அது உதவும். வளைந்த மாடிப்படிக்கு நாற்காலி லிஃப்ட் வைக்கப் பெரும்பாலும் போதாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு, காலி செய்யும்போது பழையபடி ஆக்கிக் கொடுக்கும் செலவு நம்முடையது.

இனி வாலிபரே, உங்கள் பங்கு. நம் வீடுகளில் அரசாங்கக் கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சொல்வது யார்? பதினைந்து வயதுப் பிள்ளை. அம்மாவுக்கு எம்.எஸ். என்றால் மருத்துவரிடம் மொழிபெயர்ப்பது, மருந்துக்கடைக்கு ஓடுவது, தம்பியைப் பள்ளியில் விடுவது எல்லாம் அதே பிள்ளைதான். தாயின் சிறுநீர்ப் பிரச்சினையை மகன் வாயால் மருத்துவரிடம் சொல்ல வைப்பது இருவருக்கும் வேதனை. சபையில் ஜெர்மன் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓர் அக்காவோ ஆன்ட்டியோ கூடப் போனால் அந்தப் பையன் கணக்குப் பரீட்சைக்குப் படிப்பான்.

பராமரிப்புப் படிநிலையை முடிவுசெய்ய மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும் நாள் முக்கியமான நாள். நடமாட்டம், ஞாபகம், குளிப்பது, உடுப்பது, மருந்து எடுப்பது என்று கேட்டுப் புள்ளி போடுவார். 27 புள்ளிக்கு இரண்டாம் படி, 47.5க்கு மூன்றாம் படி. வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் இரண்டாம் படிக்கு மாதம் 347 யூரோ, மூன்றாம் படிக்கு 599, நான்காம் படிக்கு 800, ஐந்தாம் படிக்கு 990. இவை 2025ஆம் ஆண்டுத் தொகைகள். நம் வீடுகளில் அன்று என்ன நடக்கிறது? விருந்தாளி வருகிறார் என்று முந்தின நாளே வீட்டைத் துடைத்து, அம்மா நல்ல சேலை கட்டி, முறுக்கும் காப்பியும் வைத்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்கிறார். மதிப்பீட்டாளரும் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்றாம் படி எழுதிவிட்டுப் போகிறார்.

நன்றி சொல்வது வேறு, நிலைமையைச் சொல்வது வேறு. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: இன்று எத்தனை முறை விழுந்தார், சேலை கட்ட யார் உதவினார், இரவில் எத்தனை முறை எழுப்பினார். நல்ல நாளை மட்டும் அல்ல, மோசமான நாளையும் எழுதுங்கள். அப்பாவோ அக்காவோ வாரத்தில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு நாளாவது பராமரித்து, வெளிவேலை முப்பது மணிக்கு மேல் போகாமல் இருந்தால், இரண்டாம் படியிலிருந்து அவர்களுக்கான ஓய்வூதியச் சந்தாவைப் பராமரிப்பு நிதியே கட்டும். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். அதேபோல மருந்துச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தீராத நோயுள்ளவர் வீட்டின் ஆண்டு வருமானத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் இப்படிக் கட்ட வேண்டியதில்லை, மீதியைத் திருப்பிக் கேட்கலாம்.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஸ்டெம் செல் விளம்பரங்களைப் பற்றி. எலும்பு மஜ்ஜை அணுக்களை வைத்துப் பெரிய மருத்துவமனைகள் தேர்ந்தெடுத்த சிலருக்கு, அதுவும் விட்டுவிட்டு வரும் கட்டத்தில், செய்யும் கடுமையான சிகிச்சை ஒன்று உண்டு. விளம்பரக்காரர்கள் விற்பது அது அல்ல. மெதுவாக முற்றும் எம்.எஸ்.ஐ ஊசியில் மாற்றிவிடுவோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களுக்காக நிலத்தை விற்க வேண்டாம். அவர்களில் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக முற்றும் வகையினருக்கு ஐரோப்பாவில் முதன்முதலாக 2018இல் அனுமதி கிடைத்த ஒக்ரெலிசுமாப் வேகத்தைக் குறைக்கும், போனதைத் திருப்பித் தராது. அமெரிக்காவில் அது 2017இல் ஆண்டுக்கு 65,000 டாலர் விலையில் வந்தது. இந்தியாவில் பல மருத்துவர்கள் அதற்குப் பதில் விலை குறைந்த ரிட்டுக்சிமாப் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2023இல் அதை எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் எம்.எஸ்.ஐப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டுப் பிரிவில் அதற்குத் தனி இடம் இல்லை.

நம் ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2021இல், லூபஸ் என்ற இன்னொரு எதிர்ப்பணு நோயால் வாடிய இருபது வயதுப் பெண்ணுக்கு அவருடைய சொந்த அணுக்களையே மாற்றியமைத்துச் செலுத்தி நோயை அடக்கினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. 2024இல் ஹாம்பர்க்கில் அதே வழியை இரண்டு எம்.எஸ். நோயாளிகளிடம் முயன்றதாக எழுதினார்கள். இரண்டு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆவலோடு பார்த்திருக்கலாம், அதை நம்பி இன்றைய மருந்தை நிறுத்த முடியாது.

ஆலோசனைக்கு ஜெர்மன் எம்.எஸ். சங்கத்தின் பவேரிய மாநிலக் கிளை இருக்கிறது, ஃபாவ்டேகா என்ற சமூகநலச் சங்கமும் இருக்கிறது. பின்னதில் உறுப்பினரானால் சட்ட உதவியும் கிடைக்கும். பராமரிப்புப் படியோ ஓய்வூதியமோ மறுக்கப்பட்டு கடிதம் வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை போக வேண்டும். "இந்த முடிவை நான் ஏற்கவில்லை, காரணம் பின்னர் அனுப்புகிறேன்" என்று இரண்டு வரி ஜெர்மனில் எழுதி, நாள் போட்டு, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். காரணத்தை மருத்துவரின் கடிதத்தோடு பிறகு சாவகாசமாக எழுதலாம். கடித உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும்.